இரண்டு மணிக்கு மேலே வரும் மீன்கள்

தொட்டியில் ஆறு மீன்கள் இருந்தன. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் ஆறையும் ஒருசேரப் பார்த்ததில்லை. பாதிப் பேர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "என்ன, வெறும் டீத்தண்ணியை ஊத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் அப்படித்தான் இருக்கும். காய்ந்த வாதாம் இலைகளையும் மர வேர்களையும் போட்டு, அந்தச் சாறு இறங்கி இறங்கி, கடுந்தேநீர் நிறத்துக்கு வந்த தண்ணீர். அதில்தான் அந்த மீன்கள் உயிரோடு இருக்கும். சாக்லேட் கௌராமி என்று பெயர். கட்டைவிரல் நீளம்தான். பழுப்பு உடம்பில் மங்கலாக மூன்று நான்கு வெள்ளைக் கோடுகள். இலைக்கு அடியில் நின்றால் இலையாகவே தெரியும். அவ்வப்போது ஒன்று சட்டென்று மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, யாரோ துரத்துவதுபோல் கீழே ஓடிவிடும். பக்கத்தில் ஒரு நிழல் ஆடினால் போதும், அரை நாளைக்குத் தலைகாட்டாது.

அவற்றை வளர்த்தவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் 'லேப் அக்கா'. ரத்தத்தைச் சோதிக்கும் அதே நிதானத்தோடு வாரம் இருமுறை தொட்டித் தண்ணீரையும் சோதித்து நோட்டில் குறித்து வைப்பாள். மீன்களுக்காக வீட்டில் சட்டதிட்டங்களும் போட்டிருந்தாள். அந்த அறையின் தெருப்பக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது. கறுப்புத் திரையை விலக்கக் கூடாது. கதவைச் சாத்தும்போது சத்தம் வரக் கூடாது. காற்று அடிக்கும் சின்ன மோட்டாரின் அதிர்வுகூட மீன்களுக்கு ஆகாது என்று, அதைத் தொட்டியிலிருந்து தள்ளி, கட்டடத்தின் உள்சந்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வென்டிலேட்டரின், அந்த மேல்துவாரத்தின் திண்டில் வைத்திருந்தாள். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் தொட்டிக்குள் இறங்கி, ஸ்பஞ்சு வழியாகப் பொடிப்பொடியாகக் குமிழி விடும்.

மாமியார் இறந்தபின் மாமனார் அவளோடும் கணவனோடும் வந்து தங்கினார். வீட்டில் இருந்த ஒரே உபரி அறை மீன் அறைதான். அங்கேயே ஒரு கட்டில் போட்டார்கள். ரயில்வேயில் சிக்னல்மேனாக முப்பத்தாறு வருஷம் இருந்தவர் அவர். சட்டம் என்றால் சட்டம்தான். கணவன் மறந்துபோய்க் கதவைப் படாரென்று சாத்துவான்; மாமனார் ஒரு நாளும் சாத்தியதில்லை. அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று, "என்ன மீனுங்களா, லைன் கிளியரா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே ஒரு தூக்கம் போடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை லேபில் இயந்திரம் பழுதாகி, அவள் சீக்கிரமே வீடு திரும்பினாள். மணி இரண்டே முக்கால். அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறு மீன்களும் வெளியே இருந்தன. தண்ணீரின் மேல்மட்டத்தில், வரிசையாக, வாயை மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றன. அவள் கிட்டே போனாள். ஓடவில்லை. கண்ணாடியில் கையை வைத்தாள். அப்போதும் ஓடவில்லை. இத்தனை வருஷமாக எந்தக் காட்சிக்காக ஏங்கிக்கொண்டிருந்தாளோ அது கண்ணெதிரே இருந்தது.

"மாமா! மீனுக்கு ஏதாவது போட்டீங்களா?"

கட்டிலில் படுத்திருந்தவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அவளை அடையாளம் தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப காலையா சாயங்காலமா?" என்று கேட்டார்.

தண்ணீரைச் சோதித்தாள். எல்லாம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. மறுபடியும் சோதித்தாள். அதே அளவு. ஆறு மணி வாக்கில் மீன்கள் ஒவ்வொன்றாக இலைக்கடியில் போய்ப் புகுந்தன. மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் ஒன்று செத்து மிதந்தது.

வியாழக்கிழமை இன்னொரு இடி. பெண் மீன் ஒன்று பத்து நாளாக வாய்க்குள் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அது இரையே எடுக்காது. தொண்டை மட்டும் சின்னப் பைபோல் உப்பியிருக்கும். பயந்துபோனால் முட்டைகளை விழுங்கிவிடும் என்பதால் அவள் பத்து நாளும் அந்த அறையில் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள். அன்று மாலை பார்த்தபோது அதன் தொண்டை ஒட்டிக் கிடந்தது.

எதைக் கண்டு பயந்தது?

ஞாயிற்றுக்கிழமை தொட்டியை விட்டு அவள் நகரவில்லை. அன்று எதுவும் நடக்கவில்லை. மீன்கள் வழக்கம்போல ஒளிந்துகொண்டன. மாமனார்கூட அன்றைக்குத் தெளிவாக இருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் பயணிங்க யாரும் இன்னைக்குப் பிளாட்பாரத்துக்கே வரல போல" என்று ஜோக் அடித்தார். திங்கட்கிழமை அவளும் கணவனும் வேலைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டாவது மீன் செத்திருந்தது.

ஆக, வீட்டில் ஆள் இருந்தால் நடப்பதில்லை. மாமனார் தனியாக இருந்தால் நடக்கிறது. அந்த எண்ணம் வந்ததுமே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த எண்ணம் போகவில்லை, ஒட்டிக்கொண்டது.

காரணமும் இருந்தது. இரண்டு மூன்று வாரமாக மாமனார் அவராக இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பாத்திரம் கருகிப் புகை கிளம்பி, எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினால் அது ஃப்ரிட்ஜில் இருந்தது. ஒருமுறை அவளையே செத்துப்போன தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கணவன் பஸ் ஓட்டுபவன். எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் பதறாதவன். அவன் அன்று சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அவளிடம் சொன்னான்: "அப்பாவுக்கு என்னமோ ஆரம்பிச்சிருச்சுன்னு நினைக்கிறேன். பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்."

"போலாம். போனா டாக்டர் அந்த நோயோட பேரைச் சொல்லிடுவாரு. அந்தப் பேரைக் கேக்கத்தான் பயமா இருக்கு."

மீனைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது? 'உங்கப்பா தொட்டியில் எதையோ போடுகிறார்' என்றா? சோப்பா, மாத்திரையா, எதுவென்று தெரியவில்லை. இன்று மீன் தொட்டி. நாளைக்கு அடுப்பு. கேஸைத் திறந்துவிட்டு மறந்தால்? அவள் பழைய செல்போன் ஒன்றை எடுத்து, மீன் அறையின் புத்தக அடுக்கில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே செருகி, கேமராவைத் தொட்டியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் செவ்வாய். லேபில் வேலைக்கு நடுவே இரண்டு மணியிலிருந்து கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். திரையில் அறை மங்கலாகத் தெரிந்தது. மாமனார் உள்ளே வந்தார். கதவை மெல்லச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இரண்டு இருபதுக்கு முதல் மீன் மேலே வந்தது. பின்னால் இன்னொன்று. அவர் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நான்கு மீன்களும் மேலே வந்து வாயைத் தூக்கி நின்றன.

இப்போது அவரும் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் மறுபடி எழுதினார். நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுந்து தொட்டியை நோக்கி இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை. முழங்கால் மடிந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தார்.

அவள் போன் போட்டாள். கட்டிலில் அவருடைய போன் விளக்கு எரிந்து எரிந்து அடங்குவது திரையில் தெரிந்தது. அவர் அசையவில்லை.

"எங்க வீட்டுக்கு ஆம்புலன்ஸ் சொல்லு! மாமா விழுந்துட்டாரு!" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கத்திக்கொண்டே, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பத்து நிமிஷம் நடக்கிற தூரம். அதை எப்படிக் கடந்தாள் என்று பிறகு அவளுக்கு நினைவே வரவில்லை. சாவித் துவாரத்தில் சாவி நுழையாமல் அடம்பிடித்தது மட்டும்தான் நினைவில் நின்றது.

அறை கதகதப்பாக, அமைதியாக இருந்தது. ஒரு வாசனையும் இல்லை. மாமனாரின் உடம்பு சூடாகத்தான் இருந்தது. முகம்கூட வெளிறவில்லை, நன்றாகத் தூங்கி எழுந்தவர்போல் சிவந்திருந்தது. "மாமா... மாமா..." எதற்கும் பதில் இல்லை. அந்த இருட்டில் நாடி பிடிபடவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் போதும் என்று, அக்குளில் கைகொடுத்து அவரை முன்னறைவரை தரதரவென்று இழுத்து வந்தாள். அவளுக்கே தலை கிண்ணென்று வலித்தது. ஓடி வந்ததால் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவர் முனக ஆரம்பித்திருந்தார். கணவன் டிப்போவிலிருந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தான். "பழைய மருந்துச் சீட்டு, ஃபைல் எல்லாம் வேணும்" என்று நர்ஸ் சொன்னாள். அவன் வந்த வேகத்திலேயே வீட்டுக்குத் திரும்பினான்.

"ஸ்ட்ரோக்கா இருக்கலாம்" என்றார் டாக்டர். நர்ஸ் மாமனாரின் முழங்கையில் ஊசி ஏற்றினாள். கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறியது.

அவள் ஒரு நாளைக்கு நூறு குழாய் பார்ப்பவள். சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். கருஞ்சிவப்பு, பழுத்து வெடித்த நாவல் பழத்தின் சாயல் இருக்கும். இது அப்படி இல்லை. பளீரென்று, செர்ரிப்பழம்போல் சிவந்து கிடந்தது.

"சிஸ்டர், அந்த ட்யூபைக் கொஞ்சம் காட்டுங்க. டாக்டர், இந்த நிறம் சரியில்ல."

"என்னம்மா?"

"நான் லேப்லதான் வேலை பாக்குறேன். சிரை ரத்தம் இவ்வளவு சிவப்பா இருக்காது. ஆக்சிஜன் வச்சாலும் இப்படி வராது."

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "கார்பன் மோனாக்சைடு பாக்கணும். உடனே அனுப்புங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "வீட்டுல கேஸ்ல ஓடற ஹீட்டர் இருக்கா?"

"இல்ல டாக்டர். எங்களுது கரண்ட் ஹீட்டர்."

"அக்கம்பக்கத்துல? கீழ ஏதாவது கடை, பாய்லர்?"

கீழே சலவைக்கடை. மூன்று வாரத்துக்கு முன் புது பாய்லர் இறக்கினார்கள். கேஸில் ஓடுவது. மத்தியானம் போட்டால் சாயங்காலம்வரை ஓடும், ஞாயிறு விடுமுறை. அதன் புகைக்குழாய் உள்சந்து வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அந்தச் சந்தைப் பார்த்துத்தான் மீன் அறையின் மேல்துவாரம் இருக்கிறது. அந்தத் துவாரத்தின் திண்டில்தான் அவள் காற்று மோட்டாரை வைத்திருந்தாள். மூன்று வாரமாக அது அந்த நஞ்சை உறிஞ்சி உறிஞ்சித் தொட்டிக்குள் குமிழியாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்திருக்கின்றன. மேலேயும் அதே காற்று.

ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவள். ஒரு நாளும் தவறாமல் அதைக் காத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார்.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. ஃபைல் இருக்கும் அலமாரி மீன் அறையில் இருக்கிறது. கணவன் அதை எடுக்கப் போய் இருபது நிமிஷம் ஆகிறது.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. "எடுங்க, எடுங்க, எடுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை. நான்காம் முறை அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தான்.

"ம்ம்..."

"எங்க இருக்கீங்க?"

"மீன் ரூம்ல..." குரல் குழைந்தது. "ஃபைலைத் தேடினேன். உன் மீனு எல்லாம் மிதக்குதுடி. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு உக்காந்துட்டேன். தலை ஒரு மாதிரி இருக்கு. செத்த நேரம் படுத்துட்டு..."

"படுக்காதீங்க! எந்திரிங்க! அந்த ரூம்ல விஷக்காத்து இருக்கு. இப்பவே வெளிய போங்க!"

"வாசனை ஒண்ணும் வரலையே..."

"வராது! எந்திரிங்கன்னு சொல்றேன்ல! போனை வைக்காதீங்க. நீங்க நடக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும்."

நடைகூடத்தில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதை அழுத்திக்கொண்டு நின்றாள். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு எதுவோ சரிந்து விழுந்தது. "என்னங்க!" மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று கேட்டது. ஒரு அடி. இன்னொரு அடி. தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் எங்கோ ஒரு குழந்தை அழுவதும், மாடிப்படியின் எதிரொலியும் கேட்டன.

"படிக்கட்டுல உக்காந்திருக்கேன்" என்றான் அவன். அதற்குப்பின் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

தீயணைப்புக்காரர்கள் காற்றை அளக்கும் கருவியோடு வந்து பார்த்தார்கள். புகைக்குழாயின் இணைப்பு ஒன்று, மீன் அறையின் மேல்துவாரத்துக்கு நேராகவே நழுவி விலகியிருந்தது. மேல்வீடு பல மாதமாகக் காலி. அதனால் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சலவைக்கடைக்காரர் ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, "குழாய் போட்டவன் எல்லாம் முடிஞ்சதுன்னுதானேய்யா சொன்னான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாய்லரை மூடி முத்திரை வைத்தார்கள்.

கணவனைக் கொஞ்ச நேரம் ஆக்சிஜனில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். மாமனாருக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்கு நன்றாகப் பேச்சு வந்தது. முதலில் தன் சட்டையைக் கேட்டார். பையிலிருந்த நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாரும்மா. இனி மறைக்க ஒண்ணுமில்ல."

சிக்னல் அறையில் எழுதுவதுபோல் நேரம் போட்டு, நேர்கோட்டில் எழுதியிருந்தார். '14.20 மீன் மேலே. 14.35 தலைபாரம். 15.10 எந்த ஊர் என்று தெரியவில்லை, இரண்டு நிமிடம்.' பக்கம் பக்கமாக இருந்தது. 'மருமகளை வேறு பெயரில் அழைத்தேன். அவள் கவனித்துவிட்டாள்.' ஒரு பக்கத்தில் தன் பெயர், மகன் பெயர், வீட்டு விலாசம் மூன்றையும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

"புத்தி போயிட்டிருக்குன்னு நினைச்சேன்" என்றார். "அண்ணனுக்குப் போனதைக் கூடவே இருந்து பாத்தவன் நான். உங்ககிட்ட சொன்னா நீங்களும் பயப்படுவீங்க. மீனு மேல வர்றதுகூட நிஜமா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதான்னு புரியல. அதான் எழுதி வச்சேன்."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "மாமா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ரூம்ல கேமரா வச்சேன். நீங்கதான் தொட்டியில ஏதோ போடறீங்கன்னு சந்தேகப்பட்டேன்."

அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைப் பார்த்தபடி இருந்தார்.

"நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பிடிக்கத்தான் காவல் இருந்திருக்கோம்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "நீ கேமரா வச்சதாலதான் நான் இருக்கேன். அதை மறந்துடாத. ஆனா சொல்லாம வச்சது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"மன்னிச்சிருங்க மாமா."

"ம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொட்டியில் இரண்டு மீன்கள் வேருக்கடியில் பிழைத்துக் கிடந்தன. தொட்டியை முன்னறைக்கு மாற்றினார்கள். மேல்துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மூன்று அறையிலும் விஷக்காற்றுக்கு எச்சரிக்கை மணி மாட்டினான் கணவன். அதன் சின்னப் பச்சை விளக்கைப் பார்க்காமல் யாரும் எந்த அறைக்குள்ளும் போவதில்லை.

"பெரும்பாலும் தெளிஞ்சிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆனா இந்த வயசுல, எது அந்தக் காத்தால வந்தது, எது தானா வர்றதுன்னு உடனே பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆறு மாசம் பொறுத்துப் பாப்போம்."

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் எதிரே உட்கார்ந்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளக்கில் எண்ணெய் ஊற்ற மறந்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஸ்டேஷன் பேரு..." என்றவர் நின்றார்.

அவள் கத்தி நின்றது. அவர் உதட்டை அசைத்துப் பார்த்தார். விரலால் மேஜையைத் தட்டினார். முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவன் தாளைக் கீழே இறக்கினான்.

"விடு, சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றார் மாமனார். மீதிக் கதையைச் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டே எழுந்தாள். சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. அவள் போய் இன்னொன்றையும் திறந்து வைத்தாள்.